பஞ்சும் பழுதும்



நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூரை உலகம் பனியனால் அறிந்திருக்கிறது. இவ்வூரின் நிட்டிங் கம்பெனி ஒன்றில் காலடி வைத்தால் முதலில் காதுக்கு எட்டுவது வட்டப் பின்னல் பொறிகளின் இரைச்சல். அடுத்துக் கண்ணில் படுவது காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி. பருத்தி நூல் ஊசிகளினூடே ஓடும்போது மெல்லிய இழைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அவை பொறியில் அடையாமலிருக்க, அதன் தலைமேலேயே மின்விசிறிகளைச் சுழல விட்டிருப்பார்கள். அந்த விசிறி பஞ்சை விரட்டுகிறது. பக்கத்து அறையில், மேசைக் கணிப்பொறிக்குள்ளும் ஒரு விசிறி உண்டு. அதுவோ காற்றோடு பஞ்சையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது விசிறி எனக்குக் கற்பித்த பாடத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நான் கணக்கு எழுதி வந்தேன். கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. நல்ல கோடைக்காலம். மறுநாள் காலை தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் புறப்பட வேண்டும். பாக்கிங் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்த கணிப்பொறி திடீரென்று அணைந்துவிட்டது. மீண்டும் போட்டால் பத்து நிமிடம் ஓடும், பிறகு அணையும். அதன்முன் அமர்ந்திருந்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஓர் இளம்பெண். மேலாளர் வந்து பார்த்தார். “எதையோ தட்டிக் கெடுத்துவிட்டாய். நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் என் பக்கம் திரும்பி, “நான் ஒண்ணுமே செய்யலீங்கண்ணா” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவள்தான் ஏதோ செய்திருப்பாள் என்று நானும் எண்ணினேன். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வைரஸாக இருக்கும் என்றேன். இல்லையென்று தெரிந்ததும், மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிதான் கெட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கி வந்து பொருத்தினேன். பத்து நிமிடம் ஓடியது, அணைந்தது.

இரவு எட்டு மணிக்குத்தான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே நன்றாகப் பார்த்தேன். சிபியூவின் மேல் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளைப் பஞ்சு அடைத்திருந்தது. பின்னல் பொறியின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, அது கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு எல்லை மீறியதும் தன்னைக் காத்துக்கொள்ளக் கணிப்பொறி தானே அணைந்திருக்கிறது! பஞ்சை அகற்றினேன். விடியும்வரை அது நிற்காமல் ஓடியது.

இதில் என் தவறு எது? பத்து நிமிடம் ஓடி அணைகிறது என்பதே பெரிய சாட்சி. மின்சாரம் வராத பொறி ஓடவே ஓடாது. ஓடிச் சூடேறியபின் அணைவது வெப்பத்தின் அடையாளம். “அணைந்தபோது என்ன நடந்தது? இதற்கு முன்னும் இப்படி அணைந்ததுண்டா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். பிறகு கேட்டபோது சொன்னாள்: ஒரு வாரமாகவே விசிறி பலமாக இரைந்துகொண்டிருந்ததாம். நான் சாட்சியைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்ற வரிசையைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துத் தந்திருக்கிறார். உடலுக்குச் சொன்ன அந்த வரிசை பொறிக்கும் பொருந்துமன்றோ?

இனி அவ்வரிசையில் சில பழுதுகளைப் பார்ப்போம்.

கணிப்பொறியில் விளக்கே எரியவில்லையா? உள்ளே திறக்காதீர்கள், சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திப் பாருங்கள். பிறகு யூபிஎஸ், பிறகு கேபிளின் இரு முனைகள், பிறகு பெட்டியின் பின்புறமுள்ள சுவிட்ச். 2012ஆம் ஆண்டு தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, யூபிஎஸ் இல்லாமல் வேலை நடக்காது என்றிருந்தது. ஆனால் அதற்குள்ளிருக்கும் பேட்டரிக்கும் மூப்பு உண்டு. பேட்டரி சோர்ந்தால், மின்சாரம் போன நொடியில் கணிப்பொறியும் நின்றுவிடும்.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறதா? முதலில் மானிட்டரின் மின்சாரத்தையும் கேபிளையும் பாருங்கள். அடுத்துக் காதைத் தீட்டுங்கள். கணிப்பொறி விழித்தெழும்போது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். குறை கண்டால் பல பொறிகள் ‘பீப்’ என்று ஒலித்துச் சொல்லும். ராம் பலகை இடத்தில் சரியாக அமராததே பல நேரங்களில் காரணம். அதைக் கழற்றித் துடைத்து, இருபுறமும் அழுத்திப் பொருத்தினால் திரையில் ஒளி வரும்.

காலையில் போட்டவுடன் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கிறதா? மதர்போர்டில் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்திருக்கும். சிறு பொருள்தான், ஆனால் தேதி பிழையானால் பில்லில் பிழை வரும், பாதுகாப்பான இணையதளங்களும் திறக்க மறுக்கும். ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று ஒலித்தால் மட்டும் பழுது பார்க்க முயலாதீர்கள். திறக்க முடிகிற கோப்புகளை உடனே வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பொறியை மறுபடி வாங்கலாம். உழைப்பை வாங்க முடியாது.

ஒரு விதியை மறவாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. சில காப்பு விதிகளும் உண்டு. திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ராமைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். புளோயரால் ஊதும்போது விசிறியின் இறகு கண்டபடி சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் பெரிய கணிப்பொறி தடுமாறியது. தேடியவர்கள் அதன் ரிலே ஒன்றில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். அவர்கள் யாரையும் பழிக்கவில்லை. பார்த்தார்கள், கண்டார்கள், எழுதி வைத்தார்கள். அங்கே பூச்சி, இங்கே பஞ்சு. அவ்வளவே வேறுபாடு.

மறுநாள் காலை அந்தப் பஞ்சை ஒரு தாளில் சுருட்டி எடுத்துப் போய் மேலாளரின் மேசைமேல் வைத்தேன். அவர் சற்று நேரம் அதையே பார்த்தார். “அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள்” என்றார். அவள் வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர், நானும் கேட்டேன்.

நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் பொறுப்பேற்பீர்கள். ஏதேனும் ஒரு பொறி நிற்கும். அதன் எதிரே ஒருவர் அச்சத்தோடு உட்கார்ந்திருப்பார். முதலில் அவரிடம் பரிவோடு கேளுங்கள்; பிறகு தகட்டைத் திறந்து பாருங்கள்.