கணக்கு போனது, மருந்து வந்ததா?

(தொழிலாளர் வகுப்பு ஒன்றில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆலையிலே ஷிப்டு முடிந்ததும் உற்பத்திக் கணக்கு எடுக்கிறார்கள். களத்துமேட்டிலே நெல் மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறார்கள். இப்படி நம்முடைய கணக்கு நாள்தோறும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. போன கணக்கினால் நமக்கு என்ன வந்தது? இந்தக் கேள்வியை மனதிலே வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகும் விஷயத்தைக் கேளுங்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலே டான்சானியா என்று ஒரு நாடு. அங்கே மலேரியாக் காய்ச்சல் மக்களை வாட்டுகிறது. ஆப்பிரிக்காவில் அந்தக் காய்ச்சலுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மருந்து இல்லையா? இருக்கிறது. காய்ச்சல் கண்டவுடன் கொடுத்தால் பிழைக்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்து சுகாதார நிலையத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அலமாரி காலி! அடுத்த ஊரிலே அதே மருந்து தேவைக்கு மேல் இருக்கலாம். ஜில்லாத் தலைநகரிலே இருக்கும் அதிகாரிக்கு இதுவும் தெரியாது, அதுவும் தெரியாது. காகிதத்தில் எழுதிய கணக்கு அவர் மேஜைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு வழி தேடினார்கள். 2009-ம் ஆண்டில் தொடங்கி 21 வாரம், மூன்று ஜில்லாக்களில், 129 சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடந்தது. அந்த ஜில்லாக்களில் 226 கிராமங்கள். சுமார் 12 லட்சம் மக்கள். திட்டத்தின் பெயர் 'எஸ்.எம்.எஸ். ஃபார் லைஃப்', அதாவது உயிர் காக்கக் குறுஞ்செய்தி.

எப்படி நடந்தது? விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. சுகாதார ஊழியரின் கையில் இருக்கும் சாதாரண செல்போனே போதும். வாரம் ஒரு முறை அதற்கு ஒரு கேள்வி வரும்: "மருந்து இருப்பு எவ்வளவு?" மலேரியா மாத்திரையில் எடைக்குத் தக்கபடி நான்கு வகைப் பொட்டலம், அதோடு குவினைன் ஊசி மருந்து. ஆக ஐந்து சரக்கு. ஊழியர் எண்ணிப் பார்த்து, எண்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புவார். அனுப்பச் செலவில்லை. பதில் அனுப்பியவருடைய செல்போனில் பேசுவதற்குக் கொஞ்சம் காசு வரவு வைக்கப்பட்டது. கணக்கு எடுப்பதும் உழைப்புத்தான் என்பதை ஒப்புக்கொண்டார்கள், இதைக் கவனியுங்கள்.

செய்தி ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும். அனுப்பியவரின் நம்பரைக் கொண்டு எந்த நிலையம் என்பதை அது கண்டுகொள்ளும். பிறகு எண்கள் ஓர் இணையதளத்தில் ஏறும். ஜில்லா அதிகாரி அதைத் திறந்தால், எங்கே மருந்து இருக்கிறது, எங்கே இல்லை என்பது தேசப்படத்திலேயே தெரியும்.

படிப்பு குறைந்தவர்கள் தப்பும் தவறுமாக எழுதுவார்கள் என்று சில மேதாவிகள் சொல்லக்கூடும். நடந்தது என்ன? கேட்ட கேள்விகளில் நூற்றுக்கு 95-க்குப் பதில் வந்தது. நூறு செய்திகளில் ஏழெட்டில் எழுதிய முறையில் பிழை இருந்தது. அநேகமாக அத்தனையும் திருத்தி மறுபடி அனுப்பப்பட்டன. நேரில் போய் எண்ணிப் பார்த்ததில், நூற்றுக்கு 94 சரியாக இருந்தது.

பலன் என்ன? முதல் வாரத்தில், ஐந்து சரக்கில் ஏதாவது ஒன்றாவது இல்லாத நிலையங்கள் நூற்றுக்கு 78. 21-வது வாரத்தில் அது 26 ஆகக் குறைந்தது. லிண்டி கிராமப்புற ஜில்லாவில் எட்டாவது வாரத்துக்குள் பற்றாக்குறையே நீங்கிவிட்டது. பிறகும் அது அநேகமாகத் தலைகாட்டவில்லை.

ஆனால் தோழர்களே, மூன்று ஜில்லாவிலும் ஒரே செல்போன், ஒரே கேள்வி, ஒரே இணையதளம். அப்படியிருந்தும் ஒரு ஜில்லாவில் பற்றாக்குறை தீர்ந்தது. முடிவில் மொத்தத்தில் நூற்றுக்கு 26 இடங்களில் ஏதோ ஒரு மருந்து இன்னும் இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? குறுஞ்செய்தி மருந்தைக் கொண்டுவராது. இல்லை என்பதைத்தான் சொல்லும். கிடங்கிலே சரக்கு இருக்க வேண்டும். வண்டி புறப்பட வேண்டும். கணக்கைப் பார்த்தவர் அன்றே செயல்பட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். இந்தத் திட்டத்தில் டான்சானியா சர்க்காரோடு நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனியும், வோடஃபோன், ஐ.பி.எம். கம்பெனிகளும் சேர்ந்திருந்தன. அந்த மலேரியா மாத்திரையைத் தயாரிப்பதே நோவார்ட்டிஸ்தான். கணக்கு ஏறிய இணையதளமோ பூட்டிய அறை. அனுமதி பெற்றவர்கள்தான் பார்க்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய், இந்த ஊரில் மருந்து இருக்கிறதா என்று அதிலே பார்த்துவிட்டுப் புறப்பட வழியில்லை. அவளுக்காக எடுத்த கணக்கு, அவள் கண்ணில் படவில்லை!

நமக்கும் இதிலே பாடம் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 அடங்கும். தமிழென்றால் 70 குறிகள்தான். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். ஆகவே தமிழில் இப்படிக் கணக்கு எடுப்பவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, நம்பரும் அளவும் மட்டும் அனுப்பச் சொல்வது நல்லது. அது மலிவு, பிழையும் குறையும்.

நாளை யாராவது உங்களிடம் வந்து, "உங்கள் ஊர்க் கணக்கைச் செல்போனில் அனுப்புங்கள்" என்று கேட்டால், மறுக்க வேண்டாம். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்? பார்த்தவர் எத்தனை நாளில் என்ன செய்வார்? எங்கள் கணக்கை நாங்களே பார்க்க முடியுமா?

இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அனுப்பிய எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதியும் வையுங்கள். மருந்து வராத அன்றைக்கு, அதிகாரியின் முன்னால் போய் நிற்கும்போது அந்த நோட்டு நம் கையில் இருக்கட்டும்!