அந்தியில் மாறும் காவல்

பொழுது சாயும் நேரத்தில் பனைமரங்களுக்கு மேலே அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அரிவாள்போல் வளைந்த சிறகுகளோடு சில உருவங்கள் விர்ரென்று வட்டமடிக்கும். சற்று இருட்டியதும் அதே வானத்தில் வேறு சில உருவங்கள் படபடக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில் வந்தது பனை உழவாரன் என்னும் பறவை. அடுத்து வந்தது துரிஞ்சில் என்னும் சின்ன வௌவால்; அது பாலூட்டி.

இரண்டுக்கும் பிழைப்பு ஒன்றே: பறந்துகொண்டே பூச்சி பிடிப்பது. உழவாரனுக்குப் பகல் காவல், துரிஞ்சிலுக்கு இரவுக் காவல். தொழில் ஒன்றாக இருப்பதால் தோற்றமும் ஒத்துப்போகிறது. பிறப்பு வேறு.

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களும் குடைக்கம்பிபோல் நீண்டு, நடுவே மெல்லிய தோல் படர்ந்தால் அதுதான் வௌவாலின் இறக்கை. பறவைக்கோ விரலெலும்புகள் ஒட்டிக் குறுகிவிட்டன. பறவையைத் தூக்கிச் செல்வது இறகு.

உழவாரன் கண்ணால் வேட்டையாடுகிறது. துரிஞ்சிலுக்கும் கண் உண்டு. ஆனால் இருட்டில் அது நம்புவது காதை. நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, பூச்சிமேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுப் பாய்கிறது. 1938-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர், இயற்பியலாளர் பியர்ஸ் உருவாக்கிய கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோனார். அப்போதுதான் அந்த ஒலி மனிதருக்குப் பிடிபட்டது.

பிள்ளை வளர்ப்பில் வித்தியாசம் இன்னும் தெளிவு. துரிஞ்சில் குட்டி ஈன்று பால் கொடுக்கும். உழவாரன் பனையோலையின் அடிப்புறத்தில் தன் எச்சிலையே பசையாக்கி, இறகுகளை ஒட்டிச் சிறு கூடு கட்டும். காற்றில் ஓலை ஆடினாலும் முட்டை விழாது. அதையும் எச்சிலால் ஒட்டிவைத்திருக்கும். இதன் குட்டைக் கால்கள் தொற்றிக்கொள்ள மட்டுமே உதவும். மற்றக் குருவிகளைப்போல் கிளையில் அமர்வதோ தரையில் தத்துவதோ இதற்கு வராது.

துரிஞ்சிலுக்கு ஓட்டு இடுக்கும் சுவர் வெடிப்பும் போதும். உழவாரனுக்குப் பனை வேண்டும். ஆகவே, ஓலை வெட்டும் முன் அதன் அடிப்புறத்தை ஒருமுறை பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்த ஓலையை விட்டுவையுங்கள். மாலையில் மொட்டை மாடியில் கால்மணி நேரம் நில்லுங்கள். சிறகை விறைப்பாக வைத்து வழுக்கிச் சென்றால் உழவாரன். நொடிக்கு நொடி திசை மாற்றிப் படபடத்தால் துரிஞ்சில்.