டிசைனும் கூலியும்

வானொலி மறையுரை – மத்தேயு 10:7-15



இன்று நாம் வாசிக்கக் கேட்ட நற்செய்தியில், ஆண்டவர் இயேசு பன்னிரு திருத்தூதரைப் பணிக்கு அனுப்புகிறார். அனுப்பும்போது இரண்டு காரியங்களைச் சொல்கிறார். எட்டாம் வசனத்தில், விலை கொடுக்காமல் வாங்கியதை விலை கேட்காமல் கொடுக்கச் சொல்கிறார். இரண்டே வசனம் தள்ளி, பத்தாம் வசனத்தில், உழைக்கிறவரின் வயிறு காயக்கூடாது, அவருக்கு உரியது அவருக்குக் கிடைக்கவேண்டும் என்கிறார்.

மேலோட்டமாகக் கேட்டால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவது போலத் தோன்றும். சும்மா கொடு என்கிறார். சும்மா வாங்காதே என்றும் சொல்கிறார். எதைச் சும்மா கொடுப்பது? எதற்குக் கூலி கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நம் வீட்டுப் பெண்களின் கைவேலை ஒன்றே பதில் சொல்லித் தருகிறது. அதுதான் குரோஷா.

குரோஷாவைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். மாதா சுரூபத்தின் அடியில் விரித்திருக்கும் வட்டத் துணி, திருமுழுக்குக் குழந்தையின் தலையில் குல்லா, ஆலயத்தில் பீடத்துணியின் ஓரத்தில் தொங்கும் வெள்ளைப் பின்னல், இப்படிப் பல இடங்களில் அது நம் கண்ணில் படுகிறது. அதற்கு வேண்டியது ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல்கண்டும்தான். நூலில் ஒரு கண்ணி போட்டு, அதன் வழியாக இன்னொரு கண்ணியை இழுத்து, அதன் வழியாக மற்றொன்றை இழுத்து, இப்படியே போகவேண்டும். சிறு கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே அதற்கு அந்தப் பெயர் வந்தது. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. ஆனால் குரோஷாவை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் இன்னும் தொழிற்சாலைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே நாம் ஒரு குரோஷாத் துணியைக் கையில் எடுத்தால், யாரோ ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து செலவிட்ட மணி நேரங்களைத்தான் கையில் எடுக்கிறோம்.

முதலில், இந்த வேலையில் சும்மா கொடுக்கக்கூடியது எது என்று பார்ப்போம்.

அமெரிக்க நாட்டு வீடுகளில் பாத்திரம் கழுவும் துணியைக்கூடப் பெண்கள் குரோஷாவில் பின்னுகிறார்கள். அதைப் பருத்தி நூலில்தான் பின்னவேண்டும். செயற்கை உல்லன் நூல் தண்ணீரை உறிஞ்சாது. சூடான பாத்திரத்தில் பட்டால் உருகிப் போகும். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முதலில் இந்தத் துணியைத்தான் கொடுப்பார்கள். ஒரு சாண் அளவுச் சதுரம், ஒரே வகைத் தையல். அங்கங்கே கோணலாக வந்தாலும் பாத்திரம் துடைக்க அது போதும். தப்பு செய்ய இடம் கொடுத்துக் கற்பிக்கும் நல்ல பள்ளிக்கூடம் அது.

அடுத்தது போர்வை. அதை அங்கே ஆப்கான் என்பார்கள். மிச்சம் மீதி நூலில் பல நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் பின்னி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது அதில் ஒரு முறை. இந்த முறையில் ஒரு போர்வையைப் பத்துப் பேர் சேர்ந்து பின்னலாம். ஆளுக்கு நான்கு சதுரம் பின்னிக் கொண்டுவந்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பத்துப் பேரிடமும் ஒரே டிசைன் இருக்கவேண்டும். ஒருவர் தன் டிசைனை மறைத்து வைத்துக்கொண்டால், அவருடைய சதுரம் மற்றவற்றோடு சேராது.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா காலோ என்னும் இரண்டு பெண்கள் செபச் சால்வைப் பணியைத் தொடங்கினார்கள். நோயாளிக்கோ, துக்கத்தில் இருப்பவருக்கோ, பிள்ளை பெற்றவருக்கோ ஒரு சால்வை பின்னுவது; பின்னும்போதே அவருக்காகச் செபிப்பது; பின்னி முடித்ததும் அவர் தோளில் போர்த்துவது. இவ்வளவுதான் அந்தப் பணி. அது கத்தோலிக்கப் பங்குகளிலும் பிற சபைகளிலும் பரவியது. ஒரு தாளில் அடங்கும் பின்னல் முறையைக் கைக்குக் கை கொடுத்ததால் அல்லவா அது பரவ முடிந்தது!

கொடுப்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது, அன்பர்களே. அமெரிக்கர் ஒற்றைத் தையல் என்று சொல்வதை இங்கிலாந்து நாட்டார் இரட்டைத் தையல் என்கிறார்கள். எந்த நாட்டுக் கணக்கு என்று சொல்லாமல் டிசைனைக் கொடுத்தால், வாங்கியவர் பின்னிய துணி அளவு மாறிப்போகும். வாங்குகிறவருக்கு விளங்கும்படி கொடுத்தால்தான் அது கொடை. மறைக்கல்வி கற்பிக்கும் நம் ஆசிரியர்களும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தரும் பெற்றோரும் இதை மனதில் வைக்கலாம்.

இனி, இதற்கு மறுபக்கம். இதே குரோஷா ஒரு காலத்தில் உயிர் காத்த வேலை. அதைப் பார்க்க அயர்லாந்துக்குப் போகவேண்டும்.

1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழை மக்களுக்கு அதுதான் அன்றாட உணவு. அடுத்து வந்த ஆண்டுகளில் பசியாலும் அதோடு வந்த கொள்ளை நோய்களாலும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். அந்த நாள்களில் கார்க் நகருக்கு அருகே பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னியர் தங்கள் மடத்தில் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். மோனகன் மாவட்டத்தில் குளோன்ஸ் என்னும் ஊரில், அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குருவானவர் ஒருவரின் மனைவி கஸாண்ட்ரா ஹேண்ட், 1847இல் அதே வேலையை ஏழைப் பெண்களிடையே தொடங்கினார். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ரேந்தையை ஊசியால் செய்தால் மாதக்கணக்கில் ஆகும். அதே அழகைக் கொக்கி ஊசியால் விரைவாகக் கொண்டுவர முடிந்தது. ரோஜா, திராட்சை, மூவிலை என்று தனித்தனியாகப் பின்னி, மெல்லிய வலைப் பின்னலால் அவற்றை இணைத்தார்கள். பணக்காரச் சீமாட்டிகள் அதை வாங்கினார்கள். கஞ்சிக்கு வழியில்லாத குடிசைகளில் அந்தக் காசு ரொட்டியானது.

குளோன்ஸ் வட்டாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு பூ டிசைனை வைத்துக்கொண்டு, அதை அடுத்தவர் கண்ணில் காட்டாமல் காத்ததாகச் சொல்வார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் பின்னலை எடுத்து மறைத்து விடுவார்களாம்.

அவர்களை நாம் சுயநலக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அந்தப் பூ அவர்களுடைய வயல். அதைப் பறிகொடுத்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்கும். பசிக்குப் பயந்து மறைக்கிறவர் வேறு. தனக்கு மட்டுமே பெயர் வரவேண்டும் என்று மறைக்கிறவர் வேறு. முதலாமவரின் பயத்தைப் போக்கவேண்டியது சமுதாயத்தின் கடமை. இரண்டாமவர் தம் மனத்தைத் தாமே ஆராயவேண்டும்.

நம் பக்கத்து மாநிலத்திலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் உள்ள நரசாப்பூர் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக இந்த வேலை வந்தது. இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வீட்டிலிருந்தே குரோஷா பின்னுகிறார்கள்; அந்தத் துணிகள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியப் பெண் அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது நம்மைச் சுடவேண்டும். அந்தப் பெண்கள் நாளெல்லாம் உழைத்தும், அவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயரே இல்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்றே எல்லாரும் பேசினார்கள். ஓய்வு நேர வேலைக்குக் கூலி எதற்கு என்று மிகக் குறைவாகக் கொடுத்தார்கள். லாபம் நூல் கொடுத்து விற்பவர்களிடம் போயிற்று.

இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலையில் ஈட்டிய காசைக் கொண்டே சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறு கூறுகிறது. கூலி சரியாகக் கிடைத்தால், ஒரு நூல் விலங்கையும் அறுக்கும்.

இப்போது ஆண்டவரின் இரண்டு வசனங்களுக்கும் திரும்புவோம். அவை முட்டிக்கொள்ளவில்லை. நமக்குத் தெரிந்த கலை, நாம் ஒருவரிடம் பார்த்துப் பழகியது. அந்த ஒருவர் இன்னொருவரிடம் பழகியது. அது கொடையாக வந்தது, கொடையாகவே போகவேண்டும். ஆனால் அந்தக் கலையைக் கொண்டு ஒருவர் கண்ணும் விரலும் நோகச் செய்த வேலை அவருடைய வியர்வை. அதற்கு உரியதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன?

பின்னல் தெரிந்த அம்மாமார்களும் பாட்டிமார்களும் நம் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கையோடு அந்தக் கலை போய்விடக்கூடாது. பேத்திக்குச் சொல்லிக் கொடுங்கள். பேரனுக்கும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பெண் டிசைன் கேட்டால், கடைசி வரியை விட்டுவிட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். முழுவதும் கொடுங்கள். அதுவே ஒருவருக்குப் பிழைப்பாக இருந்தால், அவரைக் கட்டாயப்படுத்திக் கேட்காதிருப்பதும் அன்புதான்.

வாங்குகிற நாம், நூல் விலை எவ்வளவு என்று கேட்டு அதற்கு மேல் ஏதோ கொஞ்சம் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விடவேண்டும். எத்தனை நாள் உட்கார்ந்து பின்னினீர்கள் என்று கேட்போம். கடையில் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, கைம்பெண்ணிடம் பேரம் பேசுவது நமக்கு அழகல்ல.

பங்கு என்ற முறையிலும் நாம் யோசிக்கவேண்டும். கோயில் வேலைதானே, புண்ணியம் கிடைக்கும் என்று சொல்லி, அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஒரு பெண்ணிடம் பீடத்துணியை இலவசமாகக் கேட்கலாமா? அவர் தாமாக முன்வந்து காணிக்கையாகத் தந்தால் மகிழ்ச்சியோடு பெறுவோம். நாமாகக் கேட்டால் கூலியோடு கேட்போம். நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரம் திறமையுள்ள பெண்ணைப் பற்றிப் பேசுகிறது. அவள் கை நூல் நூற்கிறது. அதே கை ஏழைக்கு நீள்கிறது. அந்த அதிகாரம் முடியும்போது, அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கும்படி நமக்குச் சொல்லி முடிகிறது. கொடுக்கிற பெண்ணுக்கும் கூலி உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

யோப்பா நகரில் தபித்தா என்னும் பெண் இறந்தபோது, கைம்பெண்கள் திருத்தூதர் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். அவர்கள் தபித்தாவைப் புகழ்ந்து பேசியதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறவில்லை. அவர் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டினார்கள் என்றே கூறுகிறது. நாம் இறைவனிடம் போகும் நாளில் நம் வாசலில் கூடுகிறவர்கள் எதைக் காட்டுவார்கள்? நாம் கற்றுக்கொடுத்ததைக் காட்டட்டும். நாம் குறைவின்றிக் கொடுத்த கூலியில் அடுப்பெரிந்த வீட்டைக் காட்டட்டும்.

செபிப்போம். எங்கள் தாயின் கருவில் எங்களை உருவாக்கிய இறைவா, உமது கைவேலை நாங்கள். நீர் எங்கள் கைகளில் வைத்த திறமையை ஒளிக்காமல் பகிர்ந்தளிக்க எங்களுக்குத் தாராள மனம் தாரும். பிறர் கைகளின் உழைப்பை மதித்து, உரியதை உரிய நேரத்தில் கொடுக்க நேர்மையான மனம் தாரும். வீட்டின் மூலையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் உழைக்கும் எல்லாப் பெண்களையும் நீர் பார்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.