மின் கிட்டாருக்கு ஏற்ற தந்தி



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், மின்சாரக் கிட்டாரின் தந்திகளைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. நாகசுரமும் பம்பையும் கேட்டு வளர்ந்தவன் நான். கிட்டாரைக் கையால் தொட்டதே சென்ற ஆண்டில்தான். அதற்கு நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாகலூர், ஓசூரை அடுத்துக் கருநாடக எல்லையோரம் இருக்கிறது. ஒரே வீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். சுற்றிலும் ரோசாத் தோட்டங்கள். ஆயினும் இளைஞர் பலர் தோட்டத்தில் இல்லை. விடியற்காலையில் பேருந்து ஏறி ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் போய்விடுகிறார்கள். என் மகள் வயிற்றுப் பேரனும் அவர்களில் ஒருவன். ஒரு லேத் பட்டறையில் தொழில் பழகுகிறான். பழகுநருக்குக் கிடைக்கும் சிறு தொகையில் மிச்சம் பிடித்து, பெங்களூரில் பழைய மின் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். ஊர்த் திருவிழாவில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரியில் வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

கருவியின் தந்திகள் துருவேறிக் கிடந்தன. புதிய தந்திக் கட்டு ஒன்று வாங்கி மாட்டினான். அன்றிரவு வாடிய முகத்தோடு என்னிடம் வந்து, "தாத்தா, ஏமாந்துட்டேன். ரெண்டு தந்திதான் நல்லாப் பேசுது. மத்த நாலும் ஊமையா இருக்கு. உள்ளே காயில் போயிடுச்சாம், மாத்தணுமாம்" என்றான். மாற்றுவதற்குக் கேட்ட தொகை அவனுடைய ஒரு மாத வருவாய்க்கு மேல்.

எனக்கு இசை தெரியாது; காந்தம் தெரியும். மின் கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் பாரடே கண்டறிந்த உண்மையேதான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடம். 1931இல் அமெரிக்காவில் பீச்சம் என்பவர் அதைக் கிட்டாரில் அமைத்துக் காட்டினார். ஆகவே இக்கருவி தந்தியின் ஓசையைக் கேட்பதில்லை; தந்தியிலுள்ள இரும்பின் அசைவை மட்டுமே உணர்கிறது.

பேரனைக் கூப்பிட்டு, புதுத் தந்தியை மாட்டியபோது நறுக்கிப் போட்ட துண்டையும், கழற்றிய பழைய தந்தியில் ஒரு துண்டையும் கொண்டுவரச் சொன்னேன். தடித்த தந்தி என்பது ஒரே கம்பி அன்று. நடுவே எஃகுக் கம்பியும், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய மற்றொரு கம்பியும் கொண்டது. இரண்டு துண்டுகளிலும் மேற்சுற்றைப் பிரித்துச் செய்தித்தாளின் மேல் வைத்து, பள்ளிக் காலத்து லாடக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். பழைய தந்தியின் சுற்று துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. அது நிக்கல் முலாம் பூசிய எஃகு. புதியதன் சுற்று அசையவே இல்லை, பொன்னிறமான வெண்கலம்! மரக்கிட்டாருக்குரிய தந்தியைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார். சுற்றில்லாத வெற்று எஃகுத் தந்தி இரண்டும் நன்றாக ஒலித்தன. சுற்றுள்ள நான்கிலும் உள்ளேயிருந்த மெல்லிய எஃகு மட்டுமே காந்தத்துக்குத் தென்பட்டது. காயிலுக்கு ஒரு கேடும் இல்லை. நைலான் தந்தியாக இருந்தால் ஆறும் ஊமையாகியிருக்கும்.

எனவே மின் கிட்டாருக்குத் தந்தி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது உலோகம். நிக்கல் முலாம் பூசிய எஃகு பெரும்பாலோர் கையாள்வது. தூய நிக்கல் சுற்றினால் ஒலி சற்றுக் கனிந்து வரும். துருப்பிடிக்காத எஃகு கூர்மையாகப் பேசும். சுற்றுக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றிய வழவழப்பான வகையும் உண்டு. ஜாஸ் வாசிப்போர் சிலர் விரும்புவர். இவையெல்லாம் சுவை பற்றிய வேறுபாடுகள்.

நிற்க. அடுத்தது பருமன். உண்மையான துன்பம் இங்கேதான் இருந்தது.

பேரனின் இடக்கை விரல் நுனிகள் கொப்புளித்திருந்தன. முதல் தந்தியின் துண்டைப் பட்டறைக்கு எடுத்துப் போய் மைக்ரோமீட்டரில் அளந்து வரச் சொன்னேன். 0.30 மில்லிமீட்டர் என்று எழுதி வந்தான். அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 12 பங்கு. தந்திகளை உலகமெங்கும் இக்கணக்கில்தான் விற்கிறார்கள். உறையின் மேல் 'லைட்' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு, மெல்லியது என்றே அவன் நம்பியிருந்தான். மரக்கிட்டாருக்கு 12 மெல்லியதுதான். மின் கிட்டாரிலோ 10 முதல் 46 வரையுள்ள கட்டையே பலரும் நடுத்தரமாகக் கொள்கின்றனர். 9 முதல் 42 வரை அதனினும் இளையது. முதல் எண் மெல்லிய முதல் தந்திக்கும், பின் எண் தடித்த ஆறாம் தந்திக்கும் உரியவை. உறையின் சொல்லை நம்பாமல் எண்ணைப் படிப்பதே நன்று.

9க்கும் 12க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். அன்று. ஒரே நீளத்தில் ஒரே சுரத்துக்குக் கூட்ட வேண்டுமாயின், தந்தியின் இழுவிசை அதன் குறுக்களவின் இருபடிக்கு ஏற்ப உயரும். 9இன் இருபடி 81. 12இன் இருபடி 144. ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் இழுவிசை! அவ்வளவு விறைப்பையும் அந்தப் பிள்ளையின் விரல் அமுக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, "மெல்லிய தந்தி கட்டுகிறவன் வாத்தியக்காரனே இல்லை" என்று அவனுடைய தோழன் ஒருவன் சொல்லி வைத்திருந்தான். தனக்கு இந்தக் கலை வராது என்று முடிவுகட்டி, கருவியை விற்றுவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய நினைவு வந்து சுருக்கென்று தைத்தது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இறைவணக்கத்துக்காக ஒரு பழைய மாண்டலின் இருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆவலோடு எடுத்துப் பழகினான். ஒரு மாதத்தில் வைத்துவிட்டான். "தொடங்கியதை முடிக்கும் குணம் உனக்கு இல்லை" என்று வகுப்பார் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அந்த மாண்டலினில் தடித்த இரட்டைத் தந்திகள் மெட்டுகளுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றன என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அவன் கைகளை முன்னே நீட்டச் சொல்லி நான் பார்க்கவில்லை.

மெல்லிய தந்தி இழிவு என்று எண்ணுவோருக்கு ஒரு வரலாறு சொல்லுகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் டோனி அயோமி என்னும் 17 வயது இளைஞர், தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். 1965இல், அவ்வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்தியை அமுக்க வேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறைகள் செய்து அணிந்தார். தடித்த தந்தியை அந்த விரல்கள் தாங்கவில்லை. பாஞ்சோ என்னும் கருவியின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். அவர் அமைத்த பிளாக் சபாத் குழு உலகப் புகழ் பெற்றது. அதன் பாட்டுகளின் கனத்துக்குத்தான் பெயரே. ஓசூரில் இயந்திரத்தோடு பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இக்கதையில் வேறொரு செய்தியும் தென்படும். அதை நான் விரிக்க வேண்டியதில்லை.

நம் இசைக்கும் இளந்தந்தியோடு உறவு உண்டு. 1940இல் வானொலி ஆர்மோனியத்துக்குக் கதவை அடைத்தது; 1971இல்தான் அக்கதவு சற்றுத் திறந்தது. கமகம் பிடிக்காது என்பது அப்பெட்டியின்மேல் சொல்லப்பட்ட குற்றங்களுள் ஒன்று. வீணையிலோ மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளைந்து மேலேறும். மெட்டுடைய கிட்டாரும் அவ்வாறே வளையும். தந்தி இடங்கொடுக்க வேண்டும், அவ்வளவே. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அவர்கள் அக்கருவியின் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினில் கருநாடக இசையைப் பொழிந்தார். 2014இல், 45 வயதிலேயே நம்மை விட்டுப் பிரிந்தார். கிட்டார் பிரசன்னா மின் கிட்டாரில் அதே இசையை வாசித்து வருகிறார். இவ்வழியில் செல்ல விரும்புவோர் மூன்றாம் தந்தி சுற்றில்லாத வெற்று எஃகாக உள்ள கட்டையே வாங்க வேண்டும். சுற்றிய மூன்றாம் தந்தி இழுப்புக்கு எளிதில் இசையாது.

பேரனுக்கு 9 முதல் 42 வரையுள்ள நிக்கல் கட்டை வாங்கினோம். ஒவ்வொரு தந்தியாகக் கழற்றி மாட்டினோம். கொப்புளம் ஆறுவதற்கு ஒரு வாரம் கருவியைத் தொடாதிருக்கச் சொன்னேன். மூன்று நாள் பொறுத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டறைப் பிள்ளைகளுக்கு இது முக்கியம். பிக்கப்பில் இருப்பது காந்தம். சட்டையிலும் கையிலும் ஒட்டிவரும் இரும்புத் துகள் அதன்மேல் மொய்த்துக்கொள்ளும். பிறகு எடுப்பது பெரும்பாடு. சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றாமல் கருவியைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைக்க வேண்டும். வியர்வைதான் அவற்றின் எமன்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. கச்சேரியில் பாடும் அம்மையார் சுருதியை ஒரு முழுச் சுரம் தாழ்த்தி வைக்கச் சொல்லுகிறாராம். அவ்வளவு தாழ்த்தினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, 9 எண் தந்தி தொளதொளத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 எண் தந்தியை ஒரு முழுச் சுரம் தாழ்த்தினால், 9 எண் தந்தி வழக்கமான சுருதியில் இருக்கும் விறைப்பு ஏறக்குறைய அப்படியே வருகிறது. கட்டு வாங்கி வந்தாயிற்று. இம்முறை உறையைப் பிரிக்குமுன் அவனே காந்தத்தைக் கேட்டு வாங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம்.