லெஸ்டர் நகரத்து வானொலி



இங்கிலாந்தின் மத்திய பாகத்தில், பின்னலாடையும் பாதரட்சையும் செய்து ஜீவித்துவந்த லெஸ்டர் நகரத்தில், 1981 செப்டம்பர் 7ஆம் தேதி உதயமாகி, 1983 அக்டோபர் 6ஆம் தேதி ஓய்ந்துபோன சென்டர் ரேடியோ என்ற சிறிய வர்த்தக ஒலிபரப்பு நிலையத்தின் சரித்திரத்தை இன்று சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனில் முறைப்படி அனுமதி பெற்று நடந்த உள்ளூர் வர்த்தக நிலையங்களுள், பணமுடையால் முதன்முதலாக மூடப்பட்டது இதுவே.

அந்நாட்டில் 1972ஆம் வருஷத்துச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு லண்டனில் முதல் நிலையங்கள் பேசத் தொடங்கியபோது, நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பு தனியார் கம்பெனிக்கு என்றும், ஒலிபரப்புக் கோபுரமும் மேற்பார்வையும் சுயேச்சை ஒலிபரப்பு ஆணையத்துக்கு என்றும் ஏற்பாடாயிற்று. கோபுரத்துக்குக் கம்பெனி வாடகை செலுத்த வேண்டியிருந்தது. மணிக்கு 9 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாதென்று அந்நாளில் விதி இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தட்டுகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் சுழற்றவும் இயலவில்லை. மிச்சப் பொழுதைச் செய்தியாலும் பேச்சாலும் நிரப்ப வேண்டுமாயின், நிருபருக்கும் அறிவிப்பாளருக்கும் மாதந்தோறும் சம்பளம் அளக்க வேண்டியிருந்தது அல்லவா? இவ்விதிகளின் நோக்கம் உத்தமமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வர்த்தகம் என்ற பெயரால் வானொலி வெறும் கூவல் ஆகிவிடாமல் காத்தவை அவையே. ஆயினும், லண்டனும் பர்மிங்காமும் தாங்கிய பாரத்தை லெஸ்டரின் தோளிலும் அப்படியே ஏற்றியது, பெரிய தேரின் வடத்தைச் சப்பரத்தில் பூட்டியது போலாயிற்று.

போதாக்குறைக்கு, பி.பி.சி. தனது முதல் உள்ளூர் நிலையத்தை 1967 நவம்பரில் திறந்ததும் இதே நகரத்தில்தான். பதினான்கு வருஷமாக ஊராரின் காதில் பழகி, 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியேறிய குஜராத்திக் குடும்பங்களுக்கும் தனி நிகழ்ச்சி நடத்திவந்த அந்நிலையத்துக்கு, விளம்பரதாரரை நம்பிப் பிழைக்கவேண்டிய அவசியமே கிடையாது. புதிய நிலையத்தாரோ உள்ளூர்க் கடைக்காரரின் பணத்தை நம்பியிருந்தார்கள்; அக்கடைக்காரரோ, ஆலைத் தொழிலாளியின் வாரக் கூலியை நம்பியிருந்தார். எண்பதுகளின் ஆரம்பத்தில் மந்தம் சூழ்ந்து, ஆலைகள் ஆட்களைக் குறைத்தபோது, கடையில் வியாபாரம் சுருங்கிற்று. வியாபாரி முதலில் நிறுத்தும் செலவு எப்போதும் விளம்பரச் செலவுதானே.

இரண்டு வருஷம் என்பது, ஒரு குரலைத் தம் ஊர்க் குரலாக ஜனங்கள் சுவீகரித்துக்கொள்வதற்குச் சற்றும் போதாத காலம். அதற்கு வேண்டிய கால அவகாசத்தை வாடகைக் குறைப்பாகவோ தவணையாகவோ ஒரு சிறு நகரத்துக்கு அளித்திருக்கலாம் என்பதே என் துணிபு.

சென்டர் ரேடியோ ஓய்ந்ததற்கு அடுத்த ஆண்டு, அதே செப்டம்பர் 7ஆம் தேதியன்று லெஸ்டர் சவுண்ட் என்ற நிலையம் அவ்விடத்தில் தோன்றியது. அது தனித்து நிற்கவில்லை. அண்டை நகரமான நாட்டிங்காமின் ரேடியோ டிரென்ட் நிலையத்தோடு இணைந்தே நடந்தது.