கண்ணிக் கணக்கு தெரிந்தால் மாற்றலாம்!

நடுவர் அவர்களே, லேஸ் பின்னலில் புத்தகத்தில் உள்ளதை ஒரு கண்ணிகூட மாற்றக்கூடாது என்றார் எனக்கு முன் பேசிய சகோதரி. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுப் பெண்கள் புத்தகம் பார்த்தா பின்னினார்கள்? தாய் கையைப் பார்த்து மகள் கற்றாள்.

அவர்களுடைய 'ஓல்டு ஷேல்' பின்னலில் ஓர் அலைக்கு 18 கண்ணிகள். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னுவதால் 6 குறையும். நூலை ஊசியில் சுற்றி எடுப்பதால் 6 கூடும். அந்த ஓட்டைகள்தாம் அழகே! சால்வையை அகலமாக்க 18 கண்ணிகள் கூட்டுங்கள். 9 கூட்டினால் அலை பாதியில் நிற்கும்.

நூலை மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். கம்பளியை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால் விரிந்தபடி நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற பருத்தி நூல் அப்படி நிற்காது, கனத்தில் தொங்கும். முதலில் இரண்டு அலை மாதிரி பின்னி, நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள், சகோதரி!