எண்ணெய்த் தொழிலும் எங்கள் பல்கலைக்கழகங்களும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2011ஆம் ஆண்டு மன்னார்க் கடலிலே கெயர்ன் என்னும் கம்பனி இரண்டு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. டொராடோ, பரக்கூடா என்று மீன்களின் பெயரையே அவற்றுக்கு இட்டார்கள். ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கடந்து, அதன்பின் கடலடியையும் துளைத்த வேலை அது. 2015இல் அக்கம்பனி விலகிற்று. வாயு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அதற்கும் முன்னர், 1974இல், பேசாலையிலே சோவியத் உதவியுடன் துளையிட்டுப் பார்த்தார்கள். வாணிபத்துக்கு உதவும் எண்ணெய் அகப்படவில்லை.

நாளை இன்னொரு கம்பனி வந்தால் வன்னிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்? வாயிற்காவலும் சமையலுந்தானா?

1969இல் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது நோர்வே மக்கள் மீன்பிடியும் கப்பலோட்டமும் அறிந்தவர்கள். எண்ணெய்த் தொழில் அவர்களுக்குப் புதிது. 1972இல் சொந்தக் கம்பனியை நிறுவினார்கள். உயர்கல்விக் கூடங்களிலே அதற்கான பாடங்களைத் தொடங்கி, வந்த அந்நியரிடமே தங்கள் பிள்ளைகளைத் தொழில் பழக விட்டார்கள். இந்தியாவிலும் 1956இல் எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழு அமைந்தது. மறு வருடமே தன்பாத் சுரங்கக் கல்லூரியில் பெற்றோலியப் பொறியியல் வகுப்பு ஆரம்பமாயிற்று.

நமக்கும் இடமில்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

“வாயு வராவிட்டால் படித்த பிள்ளை என்ன செய்வான்?” என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. வேலையற்ற பட்டதாரிகள் இப்பொழுதே போதுமானவர் உளர். ஆனால் எண்ணெயைத் தேடும் நிலவியல் அறிவேதான் நிலத்தடி நீரையும் தேடுகிறது. வவுனியாவிலே கருங்கல்லின் வெடிப்புக்களில் நீர் நிற்கிறது. மன்னார்ப் பக்கத்திலே படிவுப் பாறைகளில் நிற்கிறது. இந்த வேறுபாடு அறியாமல் குழாய்க் கிணறு அடித்துக் காசைத் தொலைத்த கமக்காரர் இச்சபையிலும் இருக்கக்கூடும். நானும் ஒருவன். ஆகவே அப்படிப்பு வீண்போகாது. கடலிலே துளையிடும்போது மீனவர் தொழிலுக்கு ஊறு நேருமா என்று சொல்லவும் நம்மவர் ஒருவர் வேண்டுமன்றோ? கம்பனியின் அறிக்கையைக் கம்பனியே வாசித்துக் காட்டினால் நாம் தலையாட்டத்தான் வேண்டும்.

பெரிய கட்டிடம் இப்போது வேண்டாம். நிலவியலுக்கு இரண்டு விரிவுரையாளர், பாறைகளை ஆராய ஓர் ஆய்வுகூடம், விடுமுறைக் காலத்தில் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலே மாணவர்க்குப் பயிற்சி — இவற்றைக் கேட்டுச் சங்கம் ஒரு மகஜர் எழுதுமானால், முதற் கையொப்பம் என்னுடையது.